லோகோ வருது, அப்புறம் செத்துடுது

போன செமஸ்டர், ரெண்டாவது ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி. ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்து ரூம் நண்பன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான். முகமே சரியில்ல. ஆன் பண்ணிக் காட்டினான். கம்பெனி லோகோ வருது, அதுக்குக் கீழ புள்ளிகள் சுத்துது, திடீர்னு நீல ஸ்கிரீன், உடனே ரீஸ்டார்ட். மறுபடியும் லோகோ, புள்ளிகள், நீலம். நாலாவது தடவை நானே ஆஃப் பண்ணிட்டேன்.

சாயங்காலமே கடைக்குப் போயிட்டு வந்திருக்கான். கடைக்காரர் பத்து நிமிஷம் பார்த்துட்டு, "எஸ்எஸ்டி போச்சு தம்பி, டிரைவே காட்டல. புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தர்றேன், டேட்டா கிடைக்காது"ன்னு சொல்லியிருக்கார். நாலு பேர் ஆறு மாசம் செஞ்ச ப்ராஜெக்ட் அந்த ஒரு டிரைவ்ல மட்டும்தான் இருந்தது. கிட்ஹப்ல போட்டியாடான்னு கேட்டேன். முதல் ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டானாம். அதுக்கு மேல நான் எதுவும் கேட்கல.

கடைசியில எஸ்எஸ்டிக்கு ஒன்னுமே ஆகல. அதை எப்படிக் கண்டுபிடிச்சோம்னு சொல்றதுதான் இந்தக் கட்டுரை. நான் படிக்கிறது ஈசிஇ, கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்ல. ஹாஸ்டல்ல யாரோட லேப்டாப் படுத்தாலும் என் ரூம் கதவைத் தட்டுவாங்க, அந்த அனுபவம் மட்டும்தான் தகுதி.

எங்கே நிக்குது?

கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகலன்னா எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "இதை எப்படிச் சரி பண்றது?" அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி "இது எந்த இடத்துல நிக்குது?" பவர் பட்டனை அழுத்தினதுல இருந்து டெஸ்க்டாப் வர்ற வரைக்கும் நடக்கிறது ஒரு ரிலே ரேஸ். முதல்ல மதர்போர்டுல இருக்கிற பயாஸ் ஓடும். இப்போ வர்ற மெஷின்ல எல்லாம் அது யூஈஎஃப்ஐ, ஆனா நம்ம வாயில பயாஸ்தான். அது ரேம், கிராஃபிக்ஸ், கீபோர்டு எல்லாம் உயிரோட இருக்கான்னு பார்த்துட்டு, டிஸ்க்ல இருக்கிற பூட்லோடர் கையில குச்சியைக் கொடுக்கும். பூட்லோடர், விண்டோஸோட கெர்னலையும் ரொம்ப அவசியமான சில டிரைவர்களையும் மெமரிக்குள்ள ஏத்தும். அதுக்கப்புறம் கெர்னல் ஓடும், மத்த டிரைவர், சர்வீஸ் எல்லாம் எழும், கடைசியா லாகின் ஸ்கிரீன்.

எந்த ஆள் கையில குச்சி விழுந்ததுன்னு தெரிஞ்சா, அவனுக்கு முன்னாடி ஓடினவங்களை எல்லாம் பெரும்பாலும் சந்தேகத்துல இருந்து விட்டுடலாம். லோகோ வந்து புள்ளிகள் சுத்துற மெஷின்ல அடாப்டரை மாத்திப் பார்க்கிறது வீண் வேலை. அதே மாதிரி, ஸ்கிரீன்ல ஒன்னுமே வராத மெஷினுக்கு விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணலாம்னு பென்டிரைவைத் தேடறதும் வீண். குச்சி அந்த ஆள் வரைக்கும் போகவே இல்லையே.

லைட்டே எரியலன்னா

இதைச் சுருக்கமா முடிச்சிடறேன். லைட், ஃபேன் எதுவுமே இல்லன்னா முதல்ல வேற பிளக் பாயின்ட், வேற அடாப்டர். ஹாஸ்டல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நம்பாதீங்க. அதுலயும் சரியாகலன்னா அடாப்டரைக் கழட்டிட்டு, பவர் பட்டனை ஒரு அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சுட்டு விடுங்க. உள்ளே மிச்சம் இருக்கிற சார்ஜ் இறங்கினதும் சில லேப்டாப் தானா எழுந்துக்கும்.

லைட் எரியுது, ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் மட்டும் கருப்புன்னா முதல் சந்தேகம் ரேம். டெஸ்க்டாப்பா இருந்தா பீப் சத்தம் எத்தனை தடவை வருதுன்னு எண்ணுங்க. புது மதர்போர்டுகள்ல சிபியு, டிரேம், விஜிஏ, பூட்னு பேர் போட்ட நாலு குட்டி லைட் இருக்கும், எது அணையாம நிக்குதோ அங்கேதான் பிரச்சனை. லேப்டாப்ல கேப்ஸ் லாக் லைட் கண் சிமிட்டினா, அந்த எண்ணிக்கைக்கு என்ன அர்த்தம்னு அந்த கம்பெனி மேனுவல்ல இருக்கும். ரேமைக் கழட்டி மறுபடி மாட்டினாலே பாதி கேஸ் முடிஞ்சிடும். ரேம் காலை பென்சில் ரப்பரால தேய்க்கிற வைத்தியம் நம்ம ஊர் சர்வீஸ் கடையில எல்லாம் உண்டு, கேட்டா சிரிப்பு வரும், ஆனா வேலை செய்யுது. மெதுவா தேய்ங்க, தூளை நல்லா ஊதிட்டு மாட்டுங்க, பேட்டரி கனெக்‌ஷனைக் கழட்டாம கை வைக்காதீங்க. மெல்லிசான லேப்டாப் நிறையதுல ரேம் போர்டோட சேர்த்தே சால்டர் பண்ணியிருக்கும், அங்கே இந்த வைத்தியத்துக்கு வழியில்ல. வாரன்டி இருந்தா திறக்கவே வேண்டாம்.

பூட்லோடர் கிட்ட நின்னா

கருப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்துல "நோ பூட்டபிள் டிவைஸ்"னு வந்தா, பயாஸ் தன் வேலையை முடிச்சிட்டு குச்சியை நீட்டிக்கிட்டு நிக்குது, வாங்க ஆள் இல்ல. முதல்ல எல்லா பென்டிரைவையும் புடுங்குங்க. சிரிக்காதீங்க, நான் ஒரு மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்ட ஒரு கேஸ்ல காரணம் பின்பக்கம் சொருகியிருந்த பழைய பென்டிரைவ்தான்.

அடுத்து பயாஸுக்குள்ள போய்ப் பாருங்க. மெஷினைப் பொறுத்து எஃப்2, எஃப்10, டெலீட், இதுல ஏதோ ஒரு கீ. அங்கே உங்க எஸ்எஸ்டி பேரும் அளவும் தெரியுதான்னு பார்க்கணும். இந்த ஒரு செக்கை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி நண்பன் கதைக்கு இதுதான் திருப்பம். பேர் தெரியலன்னா எஸ்எஸ்டி லூஸா இருக்கலாம், இல்ல நிஜமாவே போயிருக்கலாம். பேர் தெரிஞ்சா, டிஸ்க் பயாஸோட பேசிக்கிட்டுதான் இருக்கு, பிரச்சனை அதுல எழுதியிருக்கிற விஷயத்துலயோ செட்டிங்லயோ இருக்க வாய்ப்பு அதிகம்.

நம்ம காலேஜ் ஸ்பெஷல் ஒன்னு இருக்கு. டூயல் பூட் போட்டிருப்பாங்க, செமஸ்டர் முடிஞ்சதும் இடம் பத்தலன்னு விண்டோஸ்ல இருந்தே உபுண்டு பார்ட்டிஷனை டெலீட் பண்ணுவாங்க. அடுத்த ரீஸ்டார்ட்ல "கிரப்"னு ஒரு கருப்பு ஸ்கிரீன், கர்சர் மட்டும் கண் சிமிட்டும். விண்டோஸ் எங்கேயும் போகல. கிரப்புங்கிறது உபுண்டுவோட பூட்லோடர், அதோட வீட்டை நீங்க இடிச்சுட்டீங்க, அது வாசல்ல நின்னு முழிக்குது. பயாஸ் பூட் ஆர்டர்ல "விண்டோஸ் பூட் மேனேஜர்"ஐ முதல்ல வச்சா முடிஞ்சது.

லோகோவுக்கு அப்புறம்

நண்பனோட லேப்டாப் நின்ன இடம் இதுதான். லோகோ வந்தாச்சு, புள்ளிகள் சுத்தியாச்சு, அப்படின்னா பவர், பயாஸ், பூட்லோடர் மூணு பேரும் ஓடி முடிச்சுட்டாங்க. கெர்னலும் டிரைவரும் ஓடற நேரத்துலதான் விழுது. இந்தக் கட்டத்துல ஏன் ஒரு சின்ன தப்புக்கு மொத்த மெஷினும் படுக்குதுன்னு புரிஞ்சுக்க, உலகத்துக்கே நடந்த ஒரு கேஸைப் பார்த்துடலாம்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக்ங்கிற செக்யூரிட்டி கம்பெனி தன்னோட ஃபால்கன் சாஃப்ட்வேருக்கு ஒரு சின்ன கான்ஃபிகரேஷன் ஃபைலை அனுப்புச்சு. நம்ம நேரத்துக்குக் காலை 9:39. 78 நிமிஷத்துல தப்புன்னு தெரிஞ்சு திரும்ப எடுத்துட்டாங்க. அதுக்குள்ள சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் விழுந்துடுச்சுன்னு மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொல்லுச்சு. உலகத்துல இருக்கிற மொத்த விண்டோஸ் மெஷின்ல அது ஒரு சதவீதம்கூட இல்ல. ஆனா அதெல்லாம் ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, பேங்க்ல இருந்த மெஷின். நம்ம ஊர் ஏர்போர்ட்லயே கையால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்த போட்டோ எல்லார் ஸ்டேட்டஸ்லயும் சுத்துச்சே, அந்த நாள்தான்.

தப்பு என்னன்னு கேட்டா நம்ம முதல் வருஷ சி லேப் மாதிரியே இருக்கும். அந்த ஃபைல் 21 இன்புட் இருக்கும்னு எதிர்பார்த்துச்சு, கோடு கொடுத்தது 20தான். 21-ஆவதைத் தேடி மெமரியில இல்லாத இடத்தைப் படிக்கப் போச்சு. நம்ம லேப்ல இப்படி அர்ரே எல்லையைத் தாண்டிப் படிச்சா அந்த ப்ரோக்ராம் மட்டும்தான் சாகும். ஆனா ஃபால்கனோட டிரைவர் கெர்னலுக்குள்ள உட்கார்ந்திருந்தது. கெர்னலுக்குள்ள ஒருத்தன் தப்பான மெமரியைத் தொட்டா, இதுக்கு மேல ஓடினா டேட்டா கெடும்னு விண்டோஸ் தானே மொத்தமா நின்னுடும். நீல ஸ்கிரீன்ங்கிறது அதுதான், வண்டி போய் மோதினது இல்ல, மோதறதுக்கு முன்னாடி போட்ட பிரேக். 2025-ல விண்டோஸ் 11-ல அந்த நீலத்தைக் கருப்பா மாத்திட்டாங்க, சோக முகத்தையும் எடுத்துட்டாங்க. அர்த்தம் மாறல.

இன்னொரு விஷயம், அந்த டிரைவர் பூட் ஆகும்போதே எழற டிரைவர். அதனால ரீஸ்டார்ட் பண்ணா மறுபடி அதே ஃபைலைப் படிச்சு மறுபடி விழும். இன்டர்நெட்ல இருந்து சரியான ஃபைலை எடுக்கக்கூட பெரும்பாலான மெஷினுக்கு நேரம் கிடைக்கல. ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் ஒரு ஆள் போய் உட்கார்ந்து, சேஃப் மோட்ல ஏத்தி, அந்த ஒரு ஃபைலை டெலீட் பண்ண வேண்டியிருந்தது. சேஃப் மோட்ல விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் எழுப்பும், வெளியாளைக் கூப்பிடாது. அதான் அங்கே அந்த மெஷின்கள் விழல.

நம்ம லேப்டாப்ல கிரவுட்ஸ்ட்ரைக் இருக்காது. ஆனா ஆன்ட்டிவைரஸ் இருக்கும், கிராஃபிக்ஸ் டிரைவர் இருக்கும், வேலரன்ட் ஆடறவங்க லேப்டாப்ல வேன்கார்டு இருக்கும். அதுவும் பூட் ஆகும்போதே கெர்னல்ல ஏறி உட்கார்ற வகைதான். குத்தம் சொல்லல, லோகோவுக்கு அப்புறம் விழுந்தா யார் யாரை விசாரிக்கணும்னு ஒரு லிஸ்ட் மனசுல இருக்கட்டும்னு சொல்றேன்.

சேஃப் மோடுக்குப் போற வழி: விண்டோஸ் ஏறும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க. ரெண்டு தடவை இப்படிப் பாதியில நின்னா, மூணாவது தடவை அதுவே ரெகவரி மெனுவைக் காட்டும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வர்ற லிஸ்ட்ல 4 அழுத்தினா சேஃப் மோட். 9 அழுத்தினா, விழுந்ததும் தானா ரீஸ்டார்ட் ஆகாம நீல ஸ்கிரீன் அப்படியே நிக்கும், எரர் பேரை நிதானமா படிச்சு போட்டோ எடுக்கலாம். அந்தப் பேர்தான் உங்க கையில இருக்கிற ஒரே எஃப்ஐஆர். சில சமயம் கூடவே ஃபைல் பேரும் வரும், கிரவுட்ஸ்ட்ரைக் அன்னைக்கும் அப்படித்தான் டிரைவர் பேர் ஸ்கிரீன்லயே இருந்தது.

சேஃப் மோட்ல ஒழுங்கா ஏறுதுன்னா ஹார்டுவேர் பெரும்பாலும் நல்லா இருக்கு. கடைசியா போட்ட டிரைவரையோ சாஃப்ட்வேரையோ எடுங்க. விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சதுன்னா அதே ரெகவரி மெனுல "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" இருக்கு.

நண்பனோட ஸ்கிரீன்ல 9 போட்டுப் படிச்சோம். "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்". அதாவது, எந்த டிஸ்க்ல இருந்து நான் எழுந்தேனோ அந்த டிஸ்க்கையே என்னால தொட முடியலன்னு கெர்னல் சொல்லுது. கேட்டதும் அவன் "பார்த்தியா, கடைக்காரர் சொன்னது சரிதான்"னு தலையில கை வச்சுட்டான். நான் பயாஸைத் திறந்தேன். எஸ்எஸ்டி பேர், 512 ஜிபி, ரெண்டும் அழகா இருந்தது.

48 எண்

காரணம் தேடறதுக்கு முன்னாடி ப்ராஜெக்டை வெளியே எடுத்துடணும்னு முடிவு பண்ணோம். இதுல எனக்கு ஒரு கட்சி உண்டு: டேட்டா வெளியே வராம எந்த ரிப்பேரும் கிடையாது. ரீசெட் பட்டன் பக்கமே போகக் கூடாது. "கீப் மை ஃபைல்ஸ்"னு ஆசை காட்டும், ஃபைல் நின்னாலும் போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போயிடும். ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது எல்லாத்தையும் மறுபடி இன்ஸ்டால் பண்றது யாரால முடியும்? டிஸ்க்லயே கோளாறுன்னு சந்தேகம் இருந்தா செக் டிஸ்க்கூட ஓட்டாதீங்க, சாகப் போற டிஸ்க்கை அது இன்னும் ஓட வைக்கும். பழைய ஹார்டு டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டா உடனே ஆஃப் பண்ணிடணும்.

ரெகவரி மெனுல கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்தோம். உடனே ஒரு ஸ்கிரீன், 48 இலக்க பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்டுச்சு. கீழயே "ஸ்கிப் திஸ் டிரைவ்"னு ஒரு வழி. நண்பன் பழக்கதோஷத்துல ஸ்கிப்பை அழுத்தப் போனான். "கடையிலயும் இதைத்தான் அழுத்தினாரு"ன்னான். எனக்கு அப்போதான் விளங்குச்சு. ஸ்கிப் பண்ணா டிரைவ் பூட்டினபடியே இருக்கும், உள்ளே ஒன்னும் தெரியாது. "டிரைவே காட்டல"ன்னு அவர் சொன்னது பொய் இல்ல. காட்டாததுக்கு அவர் சொன்ன காரணம்தான் தப்பு.

இப்போ வர்ற லேப்டாப் நிறையதுல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு செட்டப் பண்ணும்போதே டிரைவை தானாவே என்கிரிப்ட் பண்ணிடுது. நாம கேட்கவும் இல்ல, அது கத்திச் சொல்லவும் இல்ல. சாவி அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும். வேற போன்லயோ லேப்டாப்லயோ லாகின் பண்ணி எடுக்கலாம். அந்தச் சாவி இல்லன்னா விண்டோஸ், லினக்ஸ், சர்வீஸ் சென்டர், யாராலயும் உள்ளே போக முடியாது. கிரவுட்ஸ்ட்ரைக் நாள்லயும் பெரிய கம்பெனிகளை இழுத்தடிச்ச விஷயங்கள்ல இதுவும் ஒன்னு: சேஃப் மோடுக்குப் போக ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி சாவி தேட வேண்டியிருந்தது.

"உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் என்ன?"

"தெரியல மச்சான். வாங்கும்போது ஷோரூம்ல இருந்த அண்ணாதான் ஏதோ போட்டுக் கொடுத்தாரு."

இது அவன் ஒருத்தன் கதை இல்ல, எங்க ஃப்ளோர்ல பாதிப் பேர் கதை. நல்ல வேளையா அந்த ஷோரூம் அண்ணா இவனோட பழைய மெயில் ஐடியைத்தான் போட்டிருந்தார். பாஸ்வேர்ட் தெரியல. மாத்தலாம்னா ஓடிபி போற நம்பர் அவங்க அப்பாவோடது. மணி பதினொன்னே முக்கால். ரெண்டு ரிங்லயே எடுத்துட்டார்.

"என்னடா இந்நேரத்துல, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லா இருக்கேன்ப்பா. உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க."

"ஓடிபியா? யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்களே."

அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. வீடியோ கால் போட்டு முகத்தைக் காட்டி, லேப்டாப்பைக் காட்டி, என்னையும் காட்டினதுக்கு அப்புறம்தான் நம்பர் கிடைச்சது. சாவியை நான் போன்ல பார்த்து ஆறு ஆறா படிக்க, அவன் டைப் பண்ணான். எட்டாவது ஆறு முடிஞ்சதும் டிரைவ் திறந்துச்சு.

கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஃபைல் காப்பி பண்ண கமாண்டு எல்லாம் மனப்பாடமா தெரியணும்னு இல்ல. "நோட்பேட்"னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி என்டர் அடிங்க, நோட்பேட் திறக்கும். அதுல ஃபைல், ஓப்பன். வர்ற ஜன்னல்ல கீழ "ஆல் ஃபைல்ஸ்"னு மாத்திட்டா எல்லா ஃபோல்டரும் தெரியும், ரைட் கிளிக் பண்ணி காப்பி, பென்டிரைவ்ல பேஸ்ட். ரெண்டு விஷயம் கவனிக்கணும். இங்கே சி டிரைவ் வேற எழுத்துல இருக்கலாம், டி, ஈன்னு தேடிப் பாருங்க. இன்னொன்னு, காப்பி ஆகும்போது எந்தப் பச்சைக் கோடும் ஓடாது, ஜன்னல் அப்படியே உறைஞ்சு நிக்கும். ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு ஆஃப் பண்ணிடாதீங்க. எங்களுக்கு ப்ராஜெக்ட் ஃபோல்டர் வர்றதுக்கு இருபது நிமிஷம் ஆச்சு, அந்த இருபது நிமிஷமும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. வந்ததும் என் லேப்டாப்ல போட்டுத் திறந்து பார்த்தோம். கோடு இருந்தது, ரிப்போர்ட் இருந்தது, டெமோ வீடியோவும் ஓடுச்சு. நண்பன் போய் மேகி போட்டான்.

"ஒன்னும் பண்ணல மச்சான்"

இப்போ நிதானமா கேட்டேன், "கடைசியா என்ன மாத்தின?"

"ஒன்னும் பண்ணல மச்சான்."

நல்ல எஸ்எஸ்டி, திறக்குற டிரைவ், ஆனா கெர்னலால மட்டும் தொட முடியல. ஏதோ ஒன்னு மாறாம இது நடக்காது. அவன் பையில இருந்து சார்ஜரை எடுக்கும்போது கூடவே ஒரு பென்டிரைவ் விழுந்துச்சு, மேல ஸ்கெட்ச் பென்ல "உபுண்டு"ன்னு எழுதியிருந்தது. இது என்னடான்னேன்.

அப்புறம்தான் வந்தது. ப்ராஜெக்டுக்கு ஆர்ஓஎஸ் வேணும், அதுக்கு உபுண்டு போடலாம்னு மதியம் உட்கார்ந்திருக்கான். இன்ஸ்டாலர், முதல்ல ஆர்எஸ்டியை ஆஃப் பண்ணுன்னு சொல்லியிருக்கு. யூடியூப் வீடியோ ஒன்னைப் பார்த்து பயாஸ்ல விஎம்டிங்கிறதை ஆஃப் பண்ணியிருக்கான். மறுபடி இன்ஸ்டாலர், இப்போ பிட்லாக்கர் ஆன்ல இருக்கு, விண்டோஸுக்குப் போய் அதை ஆஃப் பண்ணுன்னு சொல்லியிருக்கு. சரி வேண்டாம்னு பென்டிரைவைப் புடுங்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணியிருக்கான். நீல ஸ்கிரீன். உபுண்டு இன்ஸ்டாலே ஆகாததால, அவன் கணக்குல அவன் "ஒன்னும் பண்ணல". கடைக்காரர் கிட்டயும் இதைத்தான் சொல்லியிருக்கான். அவர்மேல இருந்த கோபம் அங்கேயே பாதி குறைஞ்சு போச்சு.

விஎம்டிங்கிறது இன்டெல் சிப்ல இருக்கிற ஒரு ஸ்டோரேஜ் கன்ட்ரோலர். அது ஆன்ல இருந்தா எஸ்எஸ்டி அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கும், அதோட பேச இன்டெலோட தனி டிரைவர் வேணும். இந்த லேப்டாப்ல விண்டோஸ் போட்டப்போ அது ஆன்ல இருந்தது, அதனால பூட் ஆகும்போது அந்த டிரைவரை எழுப்பணும்னு மட்டும் விண்டோஸ் குறிச்சு வச்சிருக்கு. விஎம்டியை ஆஃப் பண்ணதும் எஸ்எஸ்டி நேரடியா சாதாரண என்விஎம்ஈ டிஸ்க்கா தெரிய ஆரம்பிச்சது. பூட்லோடர் பயாஸோட உதவியில டிஸ்க்கைப் படிக்கும், அதனால கெர்னலை ஏத்துற வரைக்கும் எல்லாம் நல்லாவே போச்சு, லோகோவும் வந்தது. கெர்னல் தன் சொந்த டிரைவரை வச்சு டிஸ்க்கைத் தொடப் போன நொடியில, எழுப்பின டிரைவருக்கு அங்கே ஆள் இல்ல. வீடு அங்கேயே இருக்கு, பூட்டும் நல்லா இருக்கு, சாவிக்கொத்துல இந்தச் சாவியை மட்டும் கோர்க்கல. ரெகவரி மெனு தனி விண்டோஸ், அது பொதுவான டிரைவர் எல்லாத்தையும் தூக்கிட்டு வரும், அதான் அதால டிரைவைப் படிக்க முடிஞ்சது.

பயாஸுக்குப் போய் விஎம்டியை ஆன் பண்ணோம். சேவ், எக்ஸிட். லோகோ, புள்ளிகள், லாகின் ஸ்கிரீன். மணி ஒன்னே கால்.

நிஜமாவே உபுண்டு வேணும்னா இதைச் சரியான வரிசையில செய்யலாம். முதல்ல டேட்டாவை வெளியே எடுத்து வைங்க. பிட்லாக்கர் சாவியை எழுதி வைங்க, அப்புறம் செட்டிங்ஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் பண்ணி, அது முழுசா முடியற வரைக்கும் காத்திருங்க. விஎம்டி ஆன்ல இருக்கும்போதே, எம்எஸ்கான்ஃபிக்ல பூட் பக்கத்துல "சேஃப் பூட்" டிக் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. ரீஸ்டார்ட் ஆகும்போது நேரா பயாஸுக்குள்ள போய் விஎம்டியை ஆஃப் பண்ணுங்க. விண்டோஸ் சேஃப் மோட்ல எழும்போது புது வழிக்கு வேண்டிய டிரைவரைப் பிடிச்சுக்கும். உள்ளே போனதும் அந்த டிக்கை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. சேஃப் மோட்ல பின் நம்பர் வேலை செய்யாம போகலாம், அக்கவுண்ட் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கணும். ஓடிபி அப்பா போனுக்குப் போகுதுன்னா பகல்ல பண்ணுங்க.

நண்பன் ரிவ்யூவை முடிச்சான். அடுத்த நாள் காலையில எழுந்ததும் அவன் செஞ்ச முதல் வேலை, மொத்த ஃபோல்டரையும் கிட்ஹப்புக்கு ஏத்தினது. ரெண்டாவது வேலை, அந்த 48 எண்ணை ஒரு பேப்பர்ல எழுதி அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினது. உபுண்டு இன்னும் போடல. செமஸ்டர் முடியட்டும்னு இருக்கான்.